அவளுக்கு மைனஸ், எனக்கு ப்ளஸ்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் எங்கள் மருந்துக் கடையில் எனக்கு அதே பட்டப்பேர். காய்ச்சல் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் அவசரப்பட்டாள். என் வீட்டுக்காரர் உள்ளே எதையோ தேடிக்கொண்டிருந்தார், நானே எழுந்து மருந்து அலமாரிப் பக்கம் போனேன். பின்னாலிருந்து குரல்: "ஏய் சோடாபுட்டி, நீ எங்க கிளம்பிட்டே? பில்லைப் போடு. நீ மருந்து எடுத்துக் குடுத்தா நாளைக்கு ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்."

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்காவிட்டால் 'மூஞ்சியப் பாரு, கோவம்' என்று இன்னொரு சுற்று வரும்.

எனக்காகவே எழுதி வைக்கிறேன்: மருந்தாளுநர் படிப்பை இரண்டு பேரும் ஒரே வகுப்பில்தான் படித்தோம். மார்க் எனக்குத்தான் அதிகம். கல்யாணம் முடிந்து கடை வைத்த முதல் நாளே அலமாரி அவருக்கு, பில் மேஜை எனக்கு. பத்தொன்பது வருஷமாகிறது. காரணம் என் மூக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் கண்ணாடி. மைனஸ் ஒன்பது. அவருக்கோ தெருக்கோடியில் திரும்பும் பஸ்ஸின் எண் தெரியும். பொய்யில்லை, நிஜமாகவே தெரியும். "எனக்குக் கழுகுக் கண்ணு" என்பார். சரி. இந்தப் பக்கங்களில் அவர் பேர் கழுகு.

மார்ச் 9

கழுகு மருந்துச் சீட்டைப் பிடிக்கும் விதம் மாறியிருக்கிறது. பாம்பின் வாலைப் பிடித்தவர் மாதிரிக் கையை முழுசாக நீட்டி, தலையைப் பின்னுக்கு இழுத்து, கண்ணைச் சுருக்கி. "இந்த டாக்டருங்க கையெழுத்து இருக்கே!" என்று சலித்துக்கொண்டார்.

அது கம்ப்யூட்டரில் அச்சடித்த சீட்டு.

மார்ச் 14

இன்று வாசலுக்கே போய் வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

வெள்ளெழுத்து. நாற்பதைத் தாண்டினால் கிட்டத்து எழுத்து மங்குவது. நாலைந்து நாளாக இந்தச் சொல் என் வாயில் மிட்டாய் மாதிரிக் கிடக்கிறது. கடிக்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

நாத்தனார் குடும்பத்தோடு சாப்பிட வந்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்து முகம் கழுவினேன். நிமிர்ந்தால் கண்ணாடி இல்லை. பழைய விளையாட்டு. ஆள் வந்தால் கட்டாயம் உண்டு.

"தேடு, தேடு. சூடு… இல்ல, ஜில்லு…" கழுகு வழி சொல்லிக்கொண்டே வந்தார். மண்டியிட்டு நாற்காலிகளுக்கு அடியில் தடவினேன். முகங்கள் எல்லாம் பிசைந்த மாவு. ஆனால் எந்தச் சிரிப்பு யாருடையது என்று எனக்குத் தெரியும். மாமியார் சொன்னார்: "பாத்துடீ, சுவத்துல முட்டிக்கப் போறே. வீட்டுக்கு ஒரு ஜோடி கண்ணு போதும்னு எல்லாத்தையும் என் மகனுக்கே குடுத்துட்டான் கடவுள்."

ஃபிரிட்ஜில், முட்டை வைக்கும் குழியில் இருந்தது. போட்டுக்கொண்டதும் பனி படிந்து ஒன்றும் தெரியவில்லை. அதற்கும் ஒரு சிரிப்பு. "போதும்ணா, பாவம்" என்றாள் நாத்தனார். அவளுக்கும் கண்ணில் தண்ணீர் வந்திருந்தது, சிரித்து.

ஏப்ரல் 2

பில் போடும்போது கை நின்றது. சர்க்கரை மாத்திரை. ஒரே கம்பெனி, ஒரே பச்சை அட்டை, ஒன்று என்றும் நாலு என்றும் மூலையில் எறும்பு அளவுக்கு ஓர் எண் மட்டும் வித்தியாசம். கண்ணாடியைக் கழற்றி அட்டையை மூக்கருகில் கொண்டுபோனேன். நாலு மில்லிகிராம். சீட்டில் ஒன்று. 'உள்ளே ரப்பர் பேண்டு எடுத்துக்கிட்டு வரேன்' என்று போய் மாற்றிக் கொண்டுவந்தேன். யாருக்கும் தெரியாது.

நான் கண்ணாடியைக் கழற்றினால் குருடி ஆகிவிடுகிறேன் என்று நினைக்கிறார்கள். தூரத்துக்குக் குருடிதான். ஒரு சாண் தூரத்துக்குள் எறும்பின் காலை எண்ணச் சொன்னாலும் எண்ணுவேன். இந்த வயதில் கண்ணாடி போட்டிருந்தால்தான் எனக்கும் பொடி எழுத்து தெரியாது. கழற்றினால் தெரியும். பத்தொன்பது வருஷத்தில் இதை ஒருத்தரும் என்னிடம் கேட்டதில்லை.

ஏப்ரல் 11

தினமும் ஒன்றாவது மாட்டுகிறது. இன்று கண்ணுக்குப் போடும் சொட்டு மருந்துக்குப் பதில் காதுக்குப் போடுவது. மாற்றினேன்.

மனசு கேட்காமல் சாப்பாட்டு வேளையில் சொல்லிவிட்டேன். "ஏங்க, ஒரு தடவை கண்ணைக் காட்டிட்டு வந்துடுங்களேன்."

அவர் தட்டிலிருந்து தலையைத் தூக்கி அம்மாவைப் பார்த்தார். "யாரு யாருக்குச் சொல்றான்னு கேட்டியாம்மா?" புரை ஏறும் அளவுக்குச் சிரித்தார்கள். மாமியார் அவர் தலையில் தட்டிவிட்டார்.

ஏப்ரல் 20, திங்கள்

மாட்டிக்கொண்டேன். அட்டையை மாற்ற அலமாரியில் கை வைத்தபோது பின்னால் நின்றிருக்கிறார்.

"என்ன பண்றே?"

"சீட்டுல வேற எழுதியிருக்கு…"

"நீ படிச்சியா? நீயா?" என் கண்ணாடியை மூக்கிலிருந்து உருவினார். கடை வாசல் வரை நடந்து போனார். "எல்லாரும் பாருங்க, என் மருந்தைச் சரி பாக்கற ஆளு. ஏய், இது எத்தனை விரலு?"

ஏழெட்டுப் பேர் இருந்திருப்பார்கள். வாசல் வெளிச்சத்தில் அவர் ஒரு கறுப்புத் திட்டு. ஏதாவது சொன்னால் விட்டுவிடுவார் என்று நினைத்தேன்.

"மூணு."

"கையே தூக்கலடீ நான்!"

அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கு. அப்புறம் அவரே வந்து, சின்னப் பிள்ளைக்கு மாட்டிவிடுற மாதிரி, கோணலா மாட்டிவிட்டார். கன்னத்துல வேற தட்டினார்.

போதும்டா சாமி. இனிமே பாக்க மாட்டேன். எவன் எதைத் தின்னா எனக்கென்ன. கண்ணாடி மூக்குலயே இருக்கும். கழட்டவே மாட்டேன்.

ஏப்ரல் 21

கழற்றவில்லை.

ஏப்ரல் 29

வயிற்றுவலிக்கு வாங்கியதைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை என்று ஒருவர் அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் எறிந்தார். தூக்க மாத்திரை. "வேற கடையில வாங்கிட்டு இங்க வந்து கத்தாதய்யா" என்று கழுகு பதிலுக்குக் கத்தினார். நான் அடுத்த பில்லைப் போட்டுக்கொண்டிருந்தேன். உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி. அனுபவித்தேன் என்றுதான் எழுத வேண்டும்.

அந்த ஆள் வண்டி ஓட்டுகிறவர். அது பிறகுதான் தெரிந்தது.

மே 4, திங்கள்

மாமியாருக்குச் சர்க்கரை. மாத்திரையைக் கடையிலிருந்து கொண்டுவந்து பெட்டியில் போடுவது கழுகின் வேலை. அம்மா விஷயத்தில் யாரையும் நம்ப மாட்டார். காலையில் சாப்பாட்டுக்கு முன் ஒன்று எடுத்துக் கொடுப்பது என் வேலை. இன்று புது அட்டை. பச்சை.

சமையலறை ஜன்னலோரம் நின்று ஒன்றைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன். வெளிச்சம் நன்றாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் ஒரு நொடி வேலை.

கழற்றவில்லை.

"பாத்து எடுத்தியாடீ?" என்றார் மாமியார், தினமும் கேட்பது போல.

"உங்க பிள்ளை பாத்துத்தான் கொண்டாந்து வெச்சிருக்கார், அத்தை."

மே 6

மாமியாருக்கு வியர்வை. கை நடுக்கம். 'பசிக்குது, பசிக்குது' என்று இரண்டு தடவை சாப்பிட்டார். இது என்ன என்று எனக்குத் தெரியும். எந்தப் பாடத்தில், எந்தப் பக்கத்தில் படித்தேன் என்பதுகூடத் தெரியும். டீயில் நாலு கரண்டி சர்க்கரை போட்டுக் கொடுத்தேன். தெளிந்தார்.

பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை.

மே 7

இன்றும் கொடுத்தேன்.

மே 9, சனி

நேற்றுக் காலை மாமியார் குளியலறை வாசலில் விழுந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, உடம்பு நனைந்த துணி மாதிரி. ஆஸ்பத்திரியில் ஊசி குத்தினார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். வெகு நேரம் கண் திறக்கவில்லை.

மாமியாரை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் வெளியே வந்து, "என்ன மாத்திரை குடுத்தீங்க? அட்டை இருக்கா?" என்றார். பையிலிருந்து எடுத்தேன். கழுகு கையை நீட்டி வாங்கி, தூரத்தில் பிடித்து, கண்ணைச் சுருக்கி, பேசாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். எல்லார் முன்னாலும் நான் கண்ணாடியைக் கழற்றினேன். படித்தேன்.

"நாலு மில்லிகிராம்."

"நான் எழுதினது ஒண்ணுதானே? நாலு எப்படி வந்துச்சு?"

கழுகு என்னைப் பார்த்தார். அரை நொடிதான். அந்த அரை நொடியில் எங்கள் இரண்டு பேருக்கும் எல்லாம் தெரிந்தது. பிறகு டாக்டரிடம் தணிந்த குரலில், வெட்கப்படுகிறவர் போல: "வீட்ல மாத்திரை எடுத்துக் குடுக்கறது இவதான், டாக்டர். இவ கண்ணு… கொஞ்சம்…" மீதியைக் கையால் சொன்னார்.

டாக்டர் என் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தார். தலையை ஆட்டினார். அவ்வளவுதான், விசாரணை முடிந்தது. நாத்தனார் அழுதுகொண்டே, "கண்ணு தெரியாதவங்ககிட்ட மருந்தை யாருண்ணா குடுக்கச் சொன்னது?" என்றாள்.

அட்டையைக் கடையிலிருந்து கொண்டுவந்தது யார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

மே 11

ஏன் சொல்லவில்லை? சொன்னால் அடுத்த கேள்வி வரும்: 'அப்ப நீ பார்க்கலையா?'

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். பார்க்காமல் விட்டது நான். இரண்டில் எது பெரிய பாவம் என்று யாராவது நிறுத்துப் பார்த்தால் என் தட்டு தரையைத் தொடும். அதுதான் வாயைக் கட்டியது.

அவர் செய்தது மட்டும் குறைச்சலா?

மே 16, சனி

மாமியார் வீடு திரும்பினார். புத்தி தெளிவு, நாக்கும் தெளிவு. வலது கைதான் தூக்க வரவில்லை. வாசலில் கால் வைத்ததுமே, "இனிமே அவ கையால எனக்குப் பச்சைத் தண்ணி கூட வேண்டாம். மாத்திரையைக் கண்ணு தெரிஞ்சவன் குடுக்கட்டும்" என்றார். மகனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கண்ணு தெரிந்தவன் சுவரைப் பார்த்தபடி நின்றார்.

மே 18

சமையலறைக்கு வந்தார். கதவைச் சாத்தினார். சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"என்ன போட்டிருக்கு?"

"உங்களுக்குத் தெரியலையா?"

"சொல்லுடீ."

"தெரியலன்னு சொல்லுங்க. படிக்கறேன்."

குக்கர் இரண்டு விசில் அடிக்கும் வரை நின்றார். பிறகு சொன்னார். கேட்டும் கேட்காத குரலில். "இன்னும் கொஞ்சம் சத்தமா" என்றேன்.

மே 25

தினமும் சொல்ல வைக்கிறேன். 'எனக்குத் தெரியல, படிச்சுச் சொல்லு.' பில் மேஜைக்கு வரும் ஒவ்வொரு அட்டையையும் இப்போது அவரே என் பக்கம் தள்ளுகிறார், யாரும் பார்க்காதபோது. பல்லைக் கடித்துக்கொண்டு. எனக்கு இது இவ்வளவு பிடிக்கும் என்று நினைத்ததே இல்லை. நான் நல்ல பெண் என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

மே 30, சனி

படித்துச் சொல்ல வேண்டுமானால் கண் டாக்டரிடம் வர வேண்டும் என்றேன். வந்தார். தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் இருக்க ஊரின் மறுகோடியில் ஒரு டாக்டர்.

சோதனை முடிந்ததும் டாக்டரம்மா சிரித்தபடி, "உங்க வீட்ல ரெண்டு துருவமும் இருக்கே" என்றார். என்னைக் காட்டி: "இவங்களுக்குக் கிட்டப்பார்வை. கண்ணு நீளவாக்குல கொஞ்சம் பெருசு, அதனால பிம்பம் விழித்திரைக்கு எட்டறதுக்கு முன்னாடியே விழுந்துடும். கிட்டத்துல இருக்கறது நல்லாத் தெரியும், தூரம் தெரியாது. உங்களுக்கு நேர் எதிர். தூரப்பார்வை. கண்ணு கட்டையா இருக்கு, பிம்பம் விழித்திரையைத் தாண்டிப் போயிடுது."

"வயசானதால வர்றதுதானே?" என்றார் கழுகு.

"வயசு இப்பக் காட்டிக் குடுத்திருக்கு, அவ்வளவுதான். இது உங்களுக்குப் பிறந்ததுலேர்ந்தே இருக்கு. சின்ன வயசுல கண்ணுக்குள்ள இருக்கற லென்ஸ் தம் கட்டி இழுத்துப் பிடிச்சு சமாளிச்சுடும். இப்ப அதுக்குத் தெம்பு இல்ல. உங்களுக்குப் படிச்சா தலைவலி வருமே, காலேஜ்ல?"

வரும். பரீட்சை சமயத்தில் நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்துக் கிடப்பார். அவர் மார்க் ஏன் குறைந்தது என்பது எனக்கு அந்த நிமிஷம்தான் விளங்கியது. இரண்டு பேருமே குறைக் கண்ணோடுதான் அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்தோம். என் குறை வெளியே தெரிந்தது, அவர் குறை தெரியவில்லை. பத்தொன்பது வருஷமும் இந்த ஒரு வித்தியாசத்தின் மேல்தான் ஓடியிருக்கிறது.

சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டார்கள். என் கண்ணாடிக்குள் கண் சிறுத்துத் தெரியும். அவருக்கோ ஊதிப் பெருத்து, ஆந்தை மாதிரி. அந்தக் கண்களில் பயம் இருந்தது. நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். டாக்டரம்மா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

மே 31

கண்ணாடி வாங்கினார். பெட்டியைத் திறக்கவே இல்லை. அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறார்: "டாக்டரே சொல்லிட்டாங்கம்மா. எனக்குத் தூரப்பார்வையாம். அவளுக்கு மைனஸ், எனக்கு ப்ளஸ்."

"அது எனக்கு அப்பவே தெரியுமே" என்று திருஷ்டி பட்டுவிடுமோ என்பது போல அவர் கன்னத்தை வழித்தார் மாமியார்.

ஜூன் 7, ஞாயிறு

என்னை அனுப்புகிறார்கள். நான் வீட்டில் இருக்கும் வரை சாப்பிட மாட்டேன் என்று மாமியார் இரண்டு வேளை பட்டினி. நாத்தனார் வந்தாள், கூடிப் பேசினார்கள். கழுகு என்னிடம், "அம்மா மனசு ஆறட்டும். கொஞ்ச நாள் உன் தம்பி வீட்ல இரு" என்றார்.

"சொல்லிடவா எல்லார்கிட்டயும்?" என்றேன்.

"சொல்லு. எந்தக் கண்ணை யாரு நம்புவாங்கன்னு பாப்போம்."

நான் மாற்றுத்துணி நாலு எடுத்துக்கொண்டேன்.

ஜூன் 20

தம்பி வீடு. கடை பில் மேஜையில் இப்போது ஒரு பையனாம். தினமும் காலையில் கழுகிடமிருந்து வீடியோ அழைப்பு. அவர் முகம் வராது. மாத்திரை அட்டை மட்டும் திரையை அடைத்துக்கொண்டு வரும். நான் "ஒண்ணு, சரி" என்பேன். துண்டிப்பார். நலம் விசாரிப்பு இல்லை. 'எப்ப வரே' என்பது இல்லை.

தம்பி மனைவி ஒரு நாள் பார்த்துவிட்டு, "என்னக்கா, மாமா தினமும் உங்கள மாத்திரைகிட்டதான் பேச விடறாரு?" என்றாள். சிரித்தோம். நான் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டேன்.

ஜூலை 2, வியாழன்

அழைப்பு. பச்சை அட்டை. மூலையில் நாலு.

நான் பேசவில்லை. ஒரு மூச்சு நேரம்.

"என்ன, சரியா?" என்றார். பின்னாலிருந்து மாமியார் குரல்: "யாருகிட்டப்பா பேசறே?" அவர் திரும்பி, "கடைப் பையன்மா" என்றார்.

இன்னொரு மூச்சு.

"நாலு" என்றேன். "குடுக்காதீங்க. குடுத்துடாதீங்க. வாங்கி வெச்ச கண்ணாடியை எடுத்துப் போடுங்க, உங்கம்மா முன்னாலயே போடுங்க. நாளையிலேர்ந்து நான் போனை எடுக்க மாட்டேன்."

போனை வைத்தேன். அந்த இரண்டு மூச்சில் என் மனசுக்குள் என்ன ஓடியது என்பதை இங்கேகூட எழுத மாட்டேன்.

ஜூலை 5

நாத்தனார் பேசினாள். "அண்ணி, அண்ணன் கண்ணாடி போட்டுட்டான். அம்மா ஒரே அழுகை. இத்தனை வருஷம் உங்களோட இருந்ததுல ஒட்டிக்கிச்சாம். நீங்க பாத்துப் பாத்தே அவன் கண்ணும் போச்சாம்."

"உங்கண்ணன் என்ன சொன்னார்?"

கொஞ்சம் யோசித்தாள். "ஒண்ணும் சொல்லல, அண்ணி."

ஜூலை 11

இந்த வாரம் முழுக்க அழைப்பு இல்லை.

ஜூலை 19, ஞாயிறு

கடை வண்டியில் இரண்டு பெரிய பைகள் வந்தன. டிரைவர் இறக்கிவிட்டு, "அண்ணன் குடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். வேறு சேதி இல்லை.

பிரித்தேன். என் புடவைகள், மடிப்புக் கலையாமல். சீப்பு, அதில் சிக்கியிருந்த முடியை எடுத்து. படிப்புச் சான்றிதழ், உறை போட்டு. ஒரு சின்ன மாத்திரை டப்பா இருந்தது, ஆட்டினால் சத்தம். உள்ளே என் ஊக்குகள், ஹேர்பின்கள், அறுந்து விழுந்த ஜாக்கெட் கொக்கிகள், எந்தக் காலத்திலோ கட்டிலுக்கடியில் உருண்டுபோன தோட்டுத் திருகாணி ஒன்று. கடுகைவிடக் கொஞ்சம் பெரிது. ஒவ்வொன்றாகத் தரையிலிருந்து பொறுக்கியிருக்கிறார்.

தம்பி வாசலில் நின்று, "ஏதாவது விட்டுப் போச்சாக்கா? சொல்லு, போய்க் கேட்டு வாங்கிட்டு வரேன்" என்றான்.

"இல்லடா. கண்ணாடி போட்டுக்கிட்டுத்தான் அடுக்கியிருக்கார்."